மொட்டைக்கு என்ன அவசரம்?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் தங்கையும் அவளுடைய அமெரிக்கக் கணவரும், நம் வட்டாரத்திலுள்ள இல்லம் ஒன்றிலிருந்து மூன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள். மே மாதம் வந்து, ஆணையும் பாஸ்போர்ட்டும் விசாவும் கிடைக்கும் வரை குழந்தையுடன் எங்கள் வீட்டில் தங்குவார்கள். நம் பண்பாட்டை அறிய வேண்டும், வேலூர்க் கோட்டை, ஸ்ரீபுரம் தங்கக் கோயில், குடியாத்தம் சிரசுத் திருவிழா எல்லாவற்றுக்கும் குழந்தையோடு போக வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. முதல் வாரத்திலேயே குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்திவிட வேண்டும் என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, காட்பாடி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதல் இரண்டு வாரங்களுக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

அம்மாவின் ஆசையை முதலில் எடுத்துக்கொள்வோம். காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் தடையின்மைச் சான்று கிடைத்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் பெற்றோர் குழந்தையைத் தங்களோடு வைத்துக்கொள்ள வழியிருக்கிறது என்றாலும், தத்தெடுப்பு ஆணை கைக்கு வரும் வரை அது தற்காலிகப் பராமரிப்புதான். 2022 செப்டம்பருக்கு முன் நீதிமன்றம் வழங்கிய அந்த ஆணையை இப்போது மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். அதற்குள் முடியிறக்குவதும் காது குத்துவதும் முறையல்ல. பாஸ்போர்ட் படத்தில் முடியோடும் விசா படத்தில் மொட்டையோடும் குழந்தை இருந்தால் வீண் கேள்விகளுக்கும் பதில் சொல்ல நேரும். இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் குழந்தையின் மனம். நேற்றுவரை முகம் தெரியாதவர்களிடம் வந்து சேர்ந்த பிள்ளையை, நான்காம் நாளே தாய்மாமன் மடியில் அழுத்திப் பிடித்து உட்கார வைத்தால், அது இனி யாரை நம்பும்? குலதெய்வம் எங்கும் போய்விடாது; அடுத்த விடுமுறைக்கு அவர்கள் வரும்போது வேண்டுதலை நிறைவேற்றலாம்.

மாப்பிள்ளையின் விருப்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மகள் பிறந்த மண்ணைப் பற்றி நாளைக்கு அவள் கேட்கும்போது சொல்லத் தெரிந்த தகப்பன் அவளுக்குத் தேவை. ஆனால் வைகாசி முதல் நாளில், வேலூர் வெயிலில், பம்பைச் சத்தத்துக்கும் சூறைத் தேங்காய்களுக்கும் நடுவே கெங்கையம்மன் சிரசு வரும் தெருவில் மூன்றரை வயதுக் குழந்தைக்கு இடமில்லை. உங்கள் கணவர் துணையோடு அவர் மட்டும் போய்வரட்டும். கோட்டைக்கு மட்டும், குழந்தை வீட்டில் பழகிய பிறகு, வெயில் ஏறுமுன் ஒரு காலையில் மூவரும் போகலாம். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியும், கோட்டைக்குள் வெகுகாலம் மூலவர் இல்லாமல் இருந்த சன்னிதிக்கு 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேசுவரர் திரும்பிய வரலாறும் அவருக்கு. அகழித் தண்ணீரும், காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பமும் அவளுக்கு.

அந்தக் குழந்தைக்குப் பண்பாடு என்பது இப்போதைக்கு அது வளர்ந்த இல்லத்தின் பழக்கங்கள்தான். உங்கள் தங்கை ஒரு நோட்டோடு இல்லத்துக்குப் போய், அங்குள்ள ஆயாக்களிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும்: சோற்றை எந்த அளவுக்குக் குழைத்துப் பிசைகிறார்கள், ரசமா மோரா, தூங்கும்போது முதுகில் தட்டுவதா தொடையில் தட்டுவதா, எந்தப் பாட்டு, தண்ணீருக்கும் வயிற்று வலிக்கும் குழந்தை சொல்லும் மழலைச் சொல் எது. இல்லத்தார் அனுமதித்தால் ஆயாவின் தாலாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். குழந்தை போர்த்திப் படுத்த துணியைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் அப்படியே பக்கத்தில் வைக்கட்டும். பழகிய வாசனை இருந்தால் புது இடத்தில் தூக்கம் வரும். வீட்டில் நீங்கள் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவதையும் வேர்க்கடலைத் துவையல் அரைப்பதையும் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும். ஆம்பூர் பிரியாணியைப் பெரியவர்கள் வாங்கிச் சாப்பிடுங்கள். அதை மறுப்பதற்கு நான் யார்?

படங்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இத்தகைய குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆகவே முகநூலிலும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் முகம் தெரியும் படம் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லத்தின் வாசல், தெரு, பாலாற்றுப் பாலம், சாப்பிட்ட தட்டு ஆகியவற்றை மாப்பிள்ளை ஆசைதீரப் படம் பிடித்துத் தேதியோடு ஓர் ஆல்பமாக வைக்கலாம். பதினெட்டு வயதுக்குப் பின் தன் வேரைத் தேடி விண்ணப்பிக்க அவளுக்குச் சட்டம் இடம் தருகிறது. அன்றைக்கு அந்த ஆல்பம் தங்கக் கோயிலின் முன் எடுத்த செல்ஃபியைவிட அதிகம் பேசும்.

உறவினர் வருகையை ஒரு நாளைக்கு இருவர் மூவர் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நம் ஊரில் சொந்தப் பிள்ளையையே “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று சீண்டுவது வழக்கம்; வருகிற பெரியவர்களில் ஒருவராவது பழக்கதோஷத்தில் அதைச் சொல்வார். அந்தக் குழந்தையின் காதுபட அது ஒருமுறைகூட விழக்கூடாது என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மொட்டை தள்ளிப்போவதை அம்மாவிடம் நீங்களே, அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள். மாப்பிள்ளை வாயால் அது வரவேண்டாம்.