இடைவேளையில் பாதிப் பேர் எழுந்து போனால்

இரண்டாம் பாதியை வெட்டலாமா, பாட்டு சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். முதலில் நோட்டீஸை மாற்றுங்கள். ராயபுரத்தில் சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை (வராத ஒருவருக்காக இரண்டு பேர் காத்திருக்கும் கதை) போட்டபோது இடைவேளையில் பாதிப் பேர் போய்விட்டார்கள், இருந்தவர்கள் தப்பான இடத்தில் சிரித்தார்கள் என்கிறீர்கள். நோட்டீஸில் 'முழுநீள நகைச்சுவை' என்று போட்டிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கும்.

1956-ல் இந்த நாடகத்தை அமெரிக்காவில் மயாமி நகரில் போட்டபோதும் இதே கதைதான். இரண்டு கண்டங்களைச் சிரிக்க வைத்த நாடகம் என்று விளம்பரம் செய்தார்கள். முதல் அங்கம் முடிந்ததும் ஏராளமானவர்கள் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வருடம் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் அதே நாடகத்தை ஒன்றிப்போய்ப் பார்த்தார்கள். காத்திருப்பதைப் பற்றி அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிரிப்பு பிரச்சினையே இல்லை. பெக்கெட்டே ஆங்கிலப் பதிப்பில் இதைச் சோகமும் சிரிப்பும் கலந்த நாடகம் என்றுதான் குறிப்பிட்டார். தெருக்கூத்தில் கட்டியங்காரனின் கோமாளித்தனத்தைப் பார்த்துப் பழகிய கூட்டம், தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டால் சிரிக்கத்தான் செய்யும். நடிகர்கள் அதற்கு இடம் விட்டுப் பேசட்டும்.

அப்புறம், அடுத்த ஒத்திகைக்கு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேரைக் கூப்பிடுங்கள். (நண்பர்கள் வேண்டாம், பொய் சொல்வார்கள்.) எந்த வசனத்தில் போன் வெளிச்சம் தெரிகிறது என்று பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே இடம் என்றால் அந்தக் காட்சி இழுக்கிறது என்று அர்த்தம்.

ஒன்று மட்டும்: துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிச் சத்தத்தில் கடைசி வரிசைக்கு வசனமே கேட்கவில்லையென்றால், நான் சொன்னது எதுவும் உதவாது.