ஏசி மாட்டினாங்க, சுவர் ஊறிப்போச்சு!

கேள்வி: மதுரைல இருக்கோம் சார். புது ஸ்பிளிட் ஏசி மாட்ட வந்த பையன் தண்ணி வெளியேத்தற ட்ரெயின் (drain) பைப்பை சரிவே இல்லாம விட்டுட்டுப் போயிட்டான், தண்ணி பூரா சுவத்துக்குள்ள இறங்கி பெயிண்ட் உப்பி, பிளைவுட் அலமாரியும் ஊதிப்போச்சு. கடைல கேட்டா "இன்ஸ்டாலேஷன் வேற ஏஜென்சி, எங்களுக்குச் சம்பந்தமில்ல"ங்கறாங்க. நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: தாராளமா கேக்கலாம்மா. ஆள் அனுப்பினது அவங்கதானே, இந்தப் பாட்டை எல்லா கடைலயும் பாடுவாங்க! பைப்பைச் சரி பண்றதுக்கு முன்னாடியே போட்டோ, வீடியோ எடுத்துக்குங்க, அலமாரியத் தூக்கிப் போட்டுடாதீங்க, பெயிண்டர்கிட்டயும் ஆசாரிகிட்டயும் செலவு எவ்வளவுன்னு எழுதி வாங்கி, பில் காப்பியோட கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்புங்க. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் புகார் குடுங்க. மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே 2 வருஷத்துக்குள்ள கேஸ் போடலாம், வக்கீல் கட்டாயமில்ல, வாங்கின விலை 5 லட்சத்துக்குள்ளங்கறதால ஃபீஸும் கிடையாது. கடை, கம்பெனி, ஏஜென்சி மூணு பேரையும் எதிர்தரப்பா சேத்துருங்க, இல்லேன்னா ஆளுக்கு ஆள் கை காட்டிட்டே இருப்பாங்க.