விமானி பேசுகிறாரா?

அன்புள்ள ஐயா,

மொழிப் பாடநூல்கள் பெண்களை இன்னும் அடுப்படியிலேயே வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் மொழி கற்பிப்பவன். இப்போது நடத்தும் புத்தகத்தில் படங்களை எண்ணிப் பார்த்தேன்: ஆணும் பெண்ணும் சரிபாதி. ஒரு பெண் விமானிகூட இருக்கிறார். பழைய குற்றச்சாட்டையே எத்தனை காலம் சொல்வீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படங்கள் மாறியிருப்பது உண்மைதான். அதுவும் சும்மா வந்துவிடவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க 1979இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் 10ஆவது பிரிவு, பாடநூல்களைத் திருத்தச் சொல்லியே கேட்கிறது. 1984இல் கேரன் பொரெக்கா என்ற ஆய்வாளர் ஆங்கிலம் கற்பிக்கும் 15 நூல்களை ஆராய்ந்தபோது, பெண்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆண்கள் இருந்தார்கள். யாரை முதலில் சொல்கிறார்கள் என்பதையும் அவர் விடாமல் கணக்கெடுத்தார்.

நீங்கள் எண்ணியதில் குறையில்லை, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த விமானி பாடத்தில் ஒரு வார்த்தையாவது பேசுகிறாரா? உரையாடல் பகுதியைப் புரட்டுங்கள். 'ரயில் எத்தனை மணிக்கு? இந்த இயந்திரத்தை எப்படி இயக்குவது?' என்று பெண் கேட்டுக்கொண்டே இருக்க, ஆண் விளக்கிக்கொண்டே இருந்தால், தன் பங்கை வாய்விட்டுச் சொல்லிப் பழகும் மாணவி எதில் தேறுவாள்? கேள்வி கேட்பதில் மட்டும்தான். விளக்கிச் சொல்லும் வாக்கியங்கள் பக்கத்து இருக்கைப் பையனுக்குப் போய்விடும்.

இலக்கணப் பயிற்சி இன்னும் சுவையானது. அங்கே நூலாசிரியரின் கவனமெல்லாம் வினைமுற்றில் இருப்பதால், மனத்தில் கிடப்பது தன்னையறியாமல் வெளியே வந்துவிடும். 'அப்பா வந்தார். அம்மா வந்தாள்.' காலம் கற்பிக்க வந்த எடுத்துக்காட்டு, யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதையும் சேர்த்தே கற்பித்துவிடுகிறது. 'மருத்துவர் வந்தார், செவிலி வந்தாள்' இதன் உடன்பிறப்பு. செயப்பாட்டுவினை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்: 'வளவன் பாலம் கட்டினான்; மங்கை பாராட்டப்பட்டாள்.' எதற்காகப் பாராட்டினார்கள் என்று எந்தப் பயிற்சியும் சொல்லாது.

ஆண்களுக்கும் இதில் நட்டம் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுக்கும் அப்பாவைப் பாடநூலில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

புத்தகத்தில் இருப்பதோடு, ஆசிரியர் அதை வகுப்பில் எப்படிக் கையாள்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று ஜேன் சண்டர்லாண்ட் போன்ற ஆய்வாளர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். அடுத்த அச்சு வரும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. நாளைய உரையாடலில் பெயர்களை மட்டும் இடம் மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் வகுப்பு சிரிக்கிறது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.