கொட்டும் மழையும் பச்சை ஏரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழை கூடினால் ஆற்றில் கலந்த உரம் நீர்த்துப்போகும்தானே? – திருச்சி வாசகர்

ஒரு குடம் தண்ணீரை மட்டும் சோதித்தால் சில நேரம் அப்படித் தெரியும். ஏரியில் பாசி வளர்வதைத் தீர்மானிப்பதோ வந்து சேர்ந்த மொத்தச் சத்து. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து மக்காச்சோள, சோயா வயல்களில் வடியும் நீரை மௌமீ ஆறு ஈரி ஏரியின் மேற்குக் கோடியில் சேர்க்கிறது. 2011 வசந்தத்தில் அங்கே அடைமழை. முந்தைய இலையுதிர்காலத்தில் மண்ணின் மேலேயே தூவி விட்டிருந்த உரத்தின் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அது வாரிக்கொண்டு போனது. கோடையில், அதுவரை பதிவாகாத அளவுக்கு நீலப்பச்சைப் பாசி. மறு ஆண்டு வறட்சி, பாசியும் சொற்பம்.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். அதனால்தான் பெய்தால் கொட்டுகிறது. தூறல் மண்ணில் இறங்கும். கொட்டும் மழை மேல்மண்ணையே சீவிக்கொண்டு ஓடும். மணிச்சத்தில் பெரும்பகுதி அந்த மண்ணோடு போகும், தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாகக் கரைந்து போகும்.

அப்படியானால் வறட்சி நல்லதா? – மதுரை வாசகி

வட்டியோடு தள்ளிப்போகும் கடன் அது. வாடிய பயிர் எடுக்காத நைட்ரேட் மண்ணிலேயே கிடக்கும். 2012 வறட்சிக்குப் பின் 2013 வசந்த மழையில் அமெரிக்காவின் அயோவா மாநில ஆறுகளில் நைட்ரேட் எகிறியது. ஆற்று நீரைக் குடிக்கும் டெமாய்ன் நகரம் அதைப் பிரித்தெடுக்கும் கருவிகளை ஓட்ட வேண்டியதாயிற்று.

பாசி படர்ந்த நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

கூடாது. சில வகைப் பாசியின் நஞ்சு கொதித்தாலும் அழியாது; நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். 2014 ஆகஸ்டில், ஈரி ஏரி நீரைக் குடிக்கும் ஓஹியோவின் டொலீடோ நகரில் சுமார் 4 லட்சம் பேரிடம் குழாய் நீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்றே சொன்னார்கள்.

மழையை நிறுத்த முடியாதே, உழவர் என்ன செய்துவிட முடியும்?

2019ஐப் பாருங்கள். ஓயாத வசந்த மழையால் மௌமீ வடிநிலத்தில் பலர் விதைக்கவுமில்லை, உரமிடவுமில்லை. அவ்வளவு மழைக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவான மணிச்சத்தே ஆற்றில் வந்தது. முழுதாக நிற்கவில்லை, பழைய உரம் மண்ணில் இருந்ததே!

சம்பாவுக்கு மேலுரம் இடும் நேரத்தில்தான் ஐப்பசி மழை பிடிக்கிறது. என்ன செய்ய? – மன்னார்குடி உழவர்

கனமழை எச்சரிக்கை இருந்தால் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். வரப்பைத் தாண்டி நீர் வழியும்போது இட்ட உரம் வாய்க்காலுக்குத்தான் போகும். வயல் வடிந்தபின், ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கு வயல் உரமும் ஒரு காரணம். அது அடைத்துக்கொண்டால் அடுத்த மழையில் உங்கள் வயல்தான் வடியாது.