நாற்பத்தைந்தாயிரம் கொடுத்து சார்ட் படிக்க வேண்டுமா?

கேள்வி: பனியன் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். வயது 31. 99 ரூபாய் கட்டி, பங்குச் சந்தை டெக்னிக்கல் அனாலிசிஸ் பற்றிய இரண்டு மணி நேர ஆன்லைன் வகுப்பில் கலந்துகொண்டேன். முழுப் பயிற்சி மூன்று மாதம், கட்டணம் 45,000 ரூபாய் என்றார்கள். அன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால் 29,999 போதும், அதையும் மாதத் தவணையில் கட்டலாம் என்றார்கள். அவர்கள் முறையில் பத்தில் எட்டு வர்த்தகம் லாபமாம். சேரலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: சேர வேண்டாம். 12 மணிக் கெடு முடிந்துவிட்டதே என்று வருந்தவும் வேண்டாம். அடுத்த வாரமும் அதே சலுகை வரும். வாங்குபவரை யோசிக்கவிடாமல் விரட்டும் இந்த 'போலி அவசர'த்தை, மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

பழைய விலைகளின் சார்ட்டைப் பார்த்து அடுத்த விலையைக் கணிக்கும் டெக்னிக்கல் அனாலிசிஸே பொய் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானிய அரிசி வியாபாரிகள் வழியே வந்ததாகச் சொல்லப்படும் கேண்டில்ஸ்டிக் சார்ட்டை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாளின் தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை ஆகிய நான்கையும் ஒரே பார்வையில் காட்டும் நல்ல கருவி அது. வாங்க ஆள் இருக்கும் விலை சப்போர்ட், விற்க ஆள் காத்திருக்கும் விலை ரெசிஸ்டன்ஸ். இவையெல்லாம் கற்கக் கூடியவை, பெரும்பாலும் இலவசமாகவே கிடைப்பவை. உங்களிடம் விலை பேசப்படுவது இந்தப் பாடம் அல்ல, 'பத்தில் எட்டு' என்ற வாக்குறுதி.

நீங்கள் கணக்காளர், அதனால் இதைக் கணக்காகவே பார்ப்போம். எட்டு வர்த்தகத்தில் தலா 400 ரூபாய் லாபம் என்றால் 3,200. மீதி இரண்டில் தலா 2,000 நஷ்டம் என்றால் 4,000. பத்தில் எட்டு வெற்றி என்பது பொய்யில்லை, ஆனால் கையில் 800 ரூபாய் குறைகிறது. புரோக்கர் கட்டணமும் வரிகளும் இன்னும் கழிக்கப்படவில்லை. வெற்றியில் சராசரி லாபம் எவ்வளவு, தோல்வியில் சராசரி நஷ்டம் எவ்வளவு என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, பயிற்சியாளரின் சொந்தக் கணக்கைக் கேளுங்கள். கைபேசித் திரையின் படம் போதாது. முழு நிதியாண்டுக்குப் புரோக்கர் தரும் லாப நஷ்ட அறிக்கை வேண்டும். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. 2023 அக்டோபரில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி ஒரு பிரபல சார்ட் பயிற்சியாளர் மீது இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பயிற்சி என்ற பெயரில் பதிவில்லாமல் பங்குப் பரிந்துரை செய்ததாகச் சொல்லி, அவரும் உடன் இருந்தவர்களும் 17.20 கோடி ரூபாயை ஒப்படைக்க வேண்டும் என்றது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வர்த்தகத்தில் 2.89 கோடி ரூபாய் நஷ்டம் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. மாணவர்களில் ஒருவராவது முன்கூட்டியே அந்த அறிக்கையைக் கேட்டிருந்தால் எத்தனை குடும்பங்களின் பணம் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

'சந்தை நேரத்தில் நேரடி வகுப்பு' என்று சொன்னார்களா? 2025 ஜனவரியில் செபி தந்த விளக்கத்தின்படி, கல்வி மட்டுமே தருகிறேன் என்பவர் கடந்த மூன்று மாத விலையை வைத்துக்கொண்டு ஒரு பங்கின் பெயரைச் சொல்லி, அது இனி எங்கே போகும் என்று காட்டக் கூடாது. பரிந்துரை தர வேண்டுமென்றால் செபியில் ஆய்வாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் ஐ.என்.ஹெச் என்ற எழுத்துகளில் தொடங்கும். எண்ணைக் கேட்டு வாங்கி, செபி இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். பதிவு இருந்தாலும் லாபத்துக்கு உத்தரவாதம் தர யாருக்கும் அனுமதி இல்லை.

மாதத் தவணை விஷயம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. பல இடங்களில் அது பயிற்சி மையம் தரும் சலுகை அல்ல, உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். வகுப்பு பிடிக்காமல் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் குறையும், நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் கடன் பத்திரத்தை உடனே எடுத்துப் பாருங்கள். ஆன்லைன் கடன்களில் அபராதமின்றி விலகுவதற்கான அவகாசம் எத்தனை நாள் என்று அதில் குறிப்பிட்டிருப்பார்கள்.

2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (பங்குகளின் எதிர்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) பிரிவில் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டம் அடைந்ததாக செபியின் ஆய்வு சொல்கிறது. பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே வர்த்தகம் செய்தவர்களில் 2022-23இல் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம். இவர்களில் எத்தனையோ பேர் சார்ட் பார்க்கத் தெரிந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பணம் போடுவதற்கு முன் சார்ட் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு செலவாகும்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில், ஒரு தபால் அட்டை. இவ்வளவுதான் செலவு. உங்களைப் போல் கேட்பவர்களைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது அம்மா. பெரும்பாலானோர் பணத்தைப் போட்டுவிட்டுத்தான் கற்க வருகிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் தினசரி முடிவு விலையை என்.எஸ்.இ அல்லது பி.எஸ்.இ இணையதளத்திலிருந்து எடுத்து எழுதுங்கள். உதாரணத்துக்கு ஐந்து நாள் விலை 412, 418, 409, 421, 430 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2,090, ஐந்தால் வகுத்தால் 418. இதுதான் ஐந்து நாள் மூவிங் ஆவரேஜ். ஆறாம் நாள் விலை 440. பழைய 412ஐ விட்டு 440ஐச் சேர்த்தால் சராசரி 423.60. விலை 10 ரூபாய் ஏறியிருக்கிறது, சராசரி ஏறியது 5.60 மட்டுமே. கையால் நான்கு வாரம் இப்படிப் போட்டுப் பாருங்கள். சராசரிக் கோடு விலைக்கு முன்னால் ஓடுவதில்லை, பின்னால்தான் வருகிறது என்பது மனத்தில் பதிந்துவிடும். சார்ட்டில் வரும் ஆர்.எஸ்.ஐ., எம்.ஏ.சி.டி. போன்ற மற்றக் குறியீடுகள் எல்லாமே நடந்து முடிந்த விலையிலிருந்து பிறப்பவைதான்.

இனி தபால் அட்டை. ஒரு வருட சார்ட்டை அச்சிட்டு, வலது பாதியை அட்டையால் மூடுங்கள். அடுத்து ஏறுமா, இறங்குமா, எந்த விலைக்குக் கீழே போனால் உங்கள் கணிப்பு தவறு என்பதை நோட்டில் எழுதிவிட்டு, அட்டையை ஒரு கேண்டில் அளவு நகர்த்துங்கள். திறந்திருக்கும் சார்ட்டில் 'இதோ பாருங்கள், இங்கே வாங்கியிருந்தால்' என்று யாரும் விரல் வைத்துவிடலாம். மூடிய பக்கத்தின் முன் கை தயங்குவதை நீங்களே உணர்வீர்கள். நூறு கணிப்புகள் சேரும்வரை பணம் போடாதீர்கள்.

கணிப்பைச் சரிபார்க்கும்போது செலவையும் கழியுங்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு டெலிவரியில் (அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ளும் முறையில்) வாங்கி அதே விலைக்கு விற்றாலும், பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி. மட்டும் வாங்கும்போது 100, விற்கும்போது 100. ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு எஃப் அண்ட் ஓ பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: பச்சை அம்பு வந்தால் வாங்கு, சிவப்பு வந்தால் வில் என்று காட்டும் மென்பொருள் 18,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். டீமேட் கணக்கோடு புரோக்கர் தரும் செயலியிலேயே சார்ட் வசதி இருக்கிறது. அம்பு காட்டும் சில மென்பொருள்கள், விலை மாறியதும் பழைய அம்பைத் தாமாகவே இடம் மாற்றிவிடும். மாதிரிப் பதிப்பு தந்தால், மாலையில் திரையைக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். ஐந்து நாள் கழித்து அதே தேதியைத் திறந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: எட்டு மாதம் முன்பு 35,000 ரூபாய் கட்டிப் பயிற்சியில் சேர்ந்தேன். நேரடி வகுப்பு என்றார்கள், வந்தது பழைய வீடியோ. டெலிகிராம் குழுவில் சேர்த்து எதை வாங்குவது என்று சொன்னார்கள், அதில் 60,000 ரூபாய் போய்விட்டது. பணத்தைக் கேட்டால் 'ரீஃபண்ட் இல்லை என்று ரசீதிலேயே இருக்கிறது' என்கிறார்கள்.
- வாசகர், சேலம்

பதில்: கோபத்தில் டெலிகிராம் குழுவை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். முதலில் எல்லாச் செய்திகளையும் தேதியோடு சேமியுங்கள். குழுவை நடத்துபவர் நினைத்தால் ஒரு நொடியில் அழித்துவிடலாம். விளம்பரம், ரசீது, வங்கிப் பரிமாற்றம், வீடியோவின் பழைய தேதி தெரியும் படம் ஆகியவையும் வேண்டும்.

35,000 ரூபாயையும் 60,000 ரூபாயையும் தனித்தனியாகப் பாருங்கள். கட்டணத்தை மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. அதனால் ரசீதில் உள்ள ஒரு வரி உங்கள் வழியை அடைத்துவிடாது. தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020 தீர்ப்பில், நுகர்வோர் சட்டத்திலிருந்து கல்லூரிகளுக்குத் தந்த விலக்கு பயிற்சி மையங்களுக்குப் பொருந்தாது என்றது. வர்த்தக நஷ்டம் அப்படியல்ல. ஆர்டரைப் போட்டது உங்கள் கை என்று வாதிடுவார்கள், அதை மீட்பது கடினம். உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடுவுடன் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அதில் எட்டு மாதம் போய்விட்டது.

குழுவில் பரிந்துரை சொன்னவர் செபியில் பதிவு பெற்றவர் என்றால் செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸிலும் புகார் செய்யுங்கள். பதிவு இல்லாதவர் என்றால் செபிக்குத் தகவலாகத் தெரிவியுங்கள். அந்த 60,000 ரூபாயில் ஒரு பகுதியையாவது உங்கள் புரோக்கர் கணக்குக்கு அனுப்பாமல் அவர்கள் சொன்ன வேறொரு கணக்குக்கோ செயலிக்கோ அனுப்பியிருந்தீர்களா? அப்படியென்றால் கடிதம், கெடு எதற்கும் காத்திருக்காமல் இன்றே 1930 சைபர் குற்ற எண்ணை அழையுங்கள்.