நாலு பொண்டாட்டி கணக்கும் நிக்காஹ் தஃப்தரும்

அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா,

நான் எம்.காம் ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல்ல ராத்திரி பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில "உங்க ஆம்பளைங்க நாலு கட்டலாம்னா நீங்க ஏன் நாலு பேரை கட்டக்கூடாது"ன்னு என்கிட்ட வந்து நிக்குது. பிள்ளை யாருதுன்னு தெரியாம போயிடும்னு பயான்ல கேட்டதை சொன்னேன், டி.என்.ஏ டெஸ்ட் எதுக்கு இருக்குன்னு சிரிச்சுட்டாங்க. இது அநீதி இல்லன்னு எப்படி புரிய வைக்கறது? பொது சிவில் சட்டம் வந்தா சரியாயிடுமா? வர்ற ஷவ்வால் மாசம் எனக்கு நிக்காஹ். துஆ செய்யுங்க.

(பேர் வேண்டாம், தஞ்சாவூர்)

வஅலைக்கும் ஸலாம் ம்மா.

ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயத்தை நீ கிளறி விட்டுட்ட, அதான் மத்த கடிதத்தையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு உனக்கு எழுதுறேன்.

முதல்ல அந்த நாலு புருஷன் விஷயத்தை முடிச்சுடுவோம். இஸ்லாத்துக்கு முந்தின ஜாஹிலிய்யா காலத்து அரபு நாட்டுல அதுவும் இருந்துச்சு. நபியோட மனைவி ஆயிஷா நாயகி அறிவிச்சது புகாரிங்கற ஹதீஸ் நூல்ல இருக்கு, பத்து பேருக்கு குறைஞ்ச ஆம்பளைங்க ஒரே பொண்ணுகிட்ட போவாங்க, அவ பிள்ளை பெத்ததும் எல்லாரையும் கூப்பிட்டு விட்டு இது உன் பிள்ளைன்னு ஒருத்தனை காட்டுவா, அவன் மறுக்க முடியாது. அதாவது டி.என்.ஏ எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே அவ வாக்குதான் டெஸ்ட். அதனால பிள்ளை யாருதுன்னு தெரியாதுங்கற ஒத்தை பதிலை மட்டும் பிடிச்சுக்கிட்டு வாதாடாத, தோத்துடுவ. அதுக்காக நிறைய புருஷன் இருந்தா பொண்ணுக்கு அதிகாரம்னும் நினைச்சுடாத. இமாச்சல்ல சிர்மௌர் பக்கம் அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே பொண்ணை கட்டுற வழக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு, 2025ல கூட ஒரு கல்யாணம் பேப்பர்ல வந்துச்சு. நிலம் துண்டாகக் கூடாதுன்னு வந்த வழக்கம் அது, பொண்ணு ஆசைப்பட்டு வந்தது இல்ல. நமக்கு ஒருத்தருக்கே ஆக்கிப் போட்டு மாளல, விடு.

சிநேகிதிங்களுக்கு பதில் வேணும்னா தேசிய குடும்பநல சர்வே கணக்கை காட்டு. 2019-21ல ஒண்ணுக்கு மேல மனைவி உள்ள புருஷன்னு சொன்ன பொண்ணுங்க முஸ்லிம்ல 1.9 சதவீதம், இந்துல 1.3. இந்துக்களுக்கு ரெண்டாம் கல்யாணம் கூடாதுன்னு 1955லயே சட்டம் போட்டாச்சு, அதுக்காக இந்த நாட்டுல சின்னவீடு இல்லாம போயிடுச்சா? பொது சிவில் சட்டம் உத்தரகண்ட்ல வந்திருக்கு, உன் நிக்காஹ் தஞ்சாவூர்ல. அந்த பேச்சை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

எனக்கு கோவம் வந்தது கடைசி வரியில. நிக்காஹ்வை போற போக்குல ஒரு வரி எழுதிட்டு துஆ கேட்டுட்டு போயிட்ட. உலகத்துல இருக்கற எல்லா பொண்ணுங்களுக்கும் நீதம் இருக்கா இல்லையான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசுற பொண்ணு, ஷவ்வால்ல உன் பேருக்கு தஃப்தர்ல, அதான் நிக்காஹ் பதிவேட்டுல, என்ன எழுதப் போறாங்கன்னு கேட்டியா? எத்தனை பவுன், பையனுக்கு பைக்கா காரா, எந்த மண்டபம், பிரியாணிக்கு எத்தனை கிலோ கறி, இதெல்லாம் உங்க வீட்டுல பேசி முடிச்சிருப்பாங்க, எனக்கு தெரியும். மாப்பிள்ளை உனக்கு கொடுக்க வேண்டிய மஹர் மட்டும் கடைசியில "வழக்கம் போல போட்டுக்கங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும். நிபந்தனைன்னு ஒண்ணு போடலாம்னு யாராவது சொன்னாங்களா?

நிக்காஹ் ஒரு ஒப்பந்தம் ம்மா. மேடைக்கு மேடை நம்ம ஆளுங்க பெருமையா சொல்றாங்க. ஒப்பந்தம்னா ரெண்டு பக்கமும் பேசணும்ல? நிறைவேத்தறதுக்கு எல்லாத்தையும் விட தகுதியானது கல்யாணத்தை ஹலாலாக்குன நிபந்தனைங்கதான்னு ஹதீஸ் இருக்கு. துனீசியாவுல கைரவான்னு ஒரு ஊர், அங்க இன்னொரு கல்யாணம் பண்ண மாட்டேன்னு எழுதி வாங்குறது பொண்ணுங்களோட பழைய வழக்கம். அப்பாஸிய கலீஃபா மன்சூரே அந்த ஊர் சம்பந்தமுள்ள அர்வாங்கற அம்மாவுக்கு அப்படி எழுதி கொடுத்துட்டு, கலீஃபா ஆனப்புறம் கழட்டிக்க பார்த்தும் அந்தம்மா உயிரோட இருந்த வரைக்கும் முடியலன்னு வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. அதே துனீசியாதான் 1956ல ரெண்டாம் கல்யாணத்தையே தடை பண்ணுச்சு.

உடனே உங்க ஊர் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்வார், அது ஹன்பலிங்கற மத்ஹப்லதான், அந்த சட்ட வழியிலதான் செல்லும், ஹனஃபி வழியில போற நமக்கு செல்லாதுன்னு. சரி, ரெண்டாவது கட்டாதேன்னு ஹனஃபி கணவனை கட்டிப் போட முடியாது, ஒத்துக்கறேன். ஆனா தலாக் தஃப்வீழ் இருக்கே? இவர் இன்னொரு கல்யாணம் பண்ணினா தன்னைத்தானே தலாக் சொல்லிக்கற உரிமை மனைவிக்கு உண்டுன்னு புருஷன் எழுதிக் கொடுக்கலாம், ஹனஃபி மார்க்க சட்டமே ஒத்துக்குது. வங்காளத்துல காபின்நாமாங்கற கல்யாண ஒப்பந்தத்துல எழுதி கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்ச பொண்ணுங்க உண்டு. பாகிஸ்தான் பங்களாதேஷ் நிக்காஹ்நாமாவுல 18ஆவது கட்டமே இதுக்குத்தான். அதையும் பொண்ணை கேக்காமலே கோடு போட்டு அடிச்சு விட்டுடறாங்கன்னு அங்க பெண்கள் அமைப்புகள் வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்கு. இங்க கட்டமே இல்ல, அடிக்கற வேலையும் மிச்சம்.

எங்க பெரியம்மா கதையை சொல்றேன். பெரியத்தா ரெண்டாவது கட்டினது அதே தெருவுல நாலு வீடு தள்ளி. ஊரே மெச்சும், "மனுஷன் என்ன நீதமா நடக்குறாரு"ன்னு. நீதம்தான், நான் கண்ணால பார்த்தேன். கொடுவா வாங்கினா ரெண்டு முழு மீனா வாங்குவார், ஒண்ணா வாங்கி வெட்டினா தலை யாருக்குன்னு சண்டை வரும்னு. பெருநாளைக்கு ஒரே விலையில ரெண்டு சேலை, பில்லோட வரும். பெரியம்மா அந்த பில்லை பிரிச்சு கூட பார்க்காம பீரோவுல போடும். ஒரு நாள் அவங்க மகனுக்கு டைபாய்டு, ராத்திரி காய்ச்சல்ல பிதற்றுறான், பெரியம்மா என்னை ஓட விட்டுச்சு. நான் போய் கதவை தட்டுறேன், பெரியத்தா ஜன்னல் வழியா சொல்றார், "இன்னைக்கு முறை இங்கம்மா, சுபுஹுக்கு வர்றேன்னு சொல்லு." அந்த வீட்டம்மாதான் பின்னாடியே தலையில துப்பட்டியை போட்டுக்கிட்டு எங்களோட வந்து விடிய விடிய ஈரத்துணி போட்டுச்சு. அவங்க மேல எனக்கு இன்னைக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்ல.

நீங்க எவ்வளவு ஆசைப்பட்டாலும் மனைவிகளுக்கு நடுவுல நீதமா நடக்க உங்களால முடியாதுன்னு ஆம்பளைங்களுக்கு குர்ஆன்ல நிஸா சூராவுலயே 129ஆவது ஆயத்து, அதான் வசனம், இருக்கு. நாலு வரைக்கும் கட்டலாம்னு சொல்ற மூணாவது ஆயத்து இறங்கினது உஹது போருக்கப்புறம், அனாதைகளை பத்தி பேசுற இடத்துல, அதுலயும் நீதமா நடக்க மாட்டோம்னு பயந்தா ஒண்ணேதான்னு இருக்கு. நம்ம ஆளுங்க மூணை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க. ரசூலுல்லாஹ் கதீஜா நாயகியோட இருபத்தஞ்சு வருஷம் ஒரே மனைவியோடதான் வாழ்ந்தாங்க. மருமகன் அலி இன்னொரு கல்யாணம் பேசினப்போ என் மகள் ஃபாத்திமா என்னில் ஒரு பகுதி, அவளை நோகடிச்சது என்னையும் நோகடிக்கும், அனுமதிக்க மாட்டேன்னு மிம்பர் மேடையில நின்னே சொன்னாங்க. அது நபியோட எதிரி அபூஜஹ்ல் மகள்ங்கறதாலதான்னு விளக்கம் சொல்றவங்க உண்டு, அந்த வார்த்தையும் ஹதீஸ்லயே இருக்கு, சரி. ஆனா ஒரு வாப்பா மகளுக்காக எழுந்து நின்னு பேசினாங்கல்ல? உங்க அத்தா பேசுவாரா?

பெரியம்மாவுக்கு யாரும் சொல்லல, 1939 முஸ்லிம் விவாகரத்து சட்டத்துல புருஷன் மனைவிகளை குர்ஆன் சொன்னபடி சமமா நடத்தலன்னாலே விவாகரத்து வாங்கலாம்னு இருக்குன்னு. 1960ல அலகாபாத் ஹைகோர்ட்ல ஒருத்தன் ரெண்டாவது கட்டிட்டு மூத்த குடியாளை குடும்பம் நடத்த அனுப்புங்கன்னு கேஸ் போட்டு தோத்தான். தெரிஞ்சிருந்தாலும் பெரியம்மா போயிருக்காது, மூணு பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போறது? அதனாலதான் கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதுன்னு சொல்றேன். கல்யாணமான பின்னாடி எல்லாரும் சபுரா, பொறுமையா இருன்னுதான் சொல்வாங்க.

நிக்காஹ்ல உன் சார்பா நிக்கற வக்கீலும் சாட்சியும் ரூம் வாசல்ல வந்து சம்மதமான்னு கேக்கும்போது எதுவும் பேச முடியாது, அதை இப்பவே பேசணும். உங்க ஊர்ல முடியாதுன்னா வேற ஆலிம்கிட்ட கேளு, குடும்பநல கோர்ட்ல கேஸ் பார்க்குற வக்கீல் ஒருத்தர்கிட்ட வாசகத்தை காட்டி சரி பார்த்துக்கோ, இல்லன்னா அரைகுறையா எழுதி பின்னாடி செல்லாம போயிடும். மாப்பிள்ளைகிட்டயும் நீயே பேசு, போன்ல தினமும் பேசிக்கிட்டுதானே இருக்கீங்க. நம்பிக்கை இல்லையான்னு கேப்பார். எத்தனை பவுன்னு கேட்டு எழுதி வாங்கினீங்களே, அப்ப எங்க மேல நம்பிக்கை எங்க போச்சுன்னு கேளு. அவங்க வீட்டுல முகம் சுளிச்சா சுளிக்கட்டும், ஷவ்வாலுக்கு முன்னாடியே அந்த முகத்தை பார்த்துக்கறது நல்லதுதான்.

துஆ கண்டிப்பா செய்றேன். எழுதி வாங்கினதும் ஒரு காப்பி உன் கையில இருக்கட்டும், அத்தா பீரோவுல இல்ல.