கறுப்பினப் பெண்களின் ஊதியம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அம்மா, அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு ஊதியம் குறைவு என்கிறார்கள். எவ்வளவு குறைவு?

பதில்: ஆண்டு முழுவதும் முழுநேரமாக உழைப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், வெள்ளையின ஆண் ஒரு டாலர் பெறும் இடத்தில் கறுப்பினப் பெண் ஏறத்தாழ 65 சென்ட் பெறுகிறார். அவர் ஓராண்டில் ஈட்டியதை இவர் ஈட்டுவதற்கு மறு ஆண்டு ஜூலை வரை உழைக்க வேண்டும். எல்லா வேலைகளையும் சேர்த்த கணக்கு இது. ஒரே வேலையில் இருக்கும் இருவரின் ஒப்பீடு அல்ல.

கேள்வி: அப்படியானால், கூலி குறைந்த வேலைகளுக்கு அவர்களே போவதுதானே காரணம்?

பதில்: அந்த வேலைகளின் கூலி ஏன் குறைந்தே இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். 1881 ஜூலையில் அட்லாண்டாவில் சுமார் 20 கறுப்பினச் சலவைப் பெண்கள் சங்கம் சேர்ந்து, 12 பவுண்டு துணிக்கு 1 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மூன்றே வாரத்தில் 3,000 பேர் திரண்டார்கள். நகரசபை 25 டாலர் உரிமக் கட்டணம் விதிப்போம் என்று மிரட்டியபோது, கட்டணத்தைக் கட்டிவிட்டு நகரத்தின் சலவைத் தொழிலையே தங்கள் கையில் வைத்துக்கொள்வோம் என்று எழுதியே கொடுத்தார்கள். உழைப்பின் மதிப்பு தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் 1938-இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம், கறுப்பின மக்கள் மிகுதியாக உழைத்த வீட்டுவேலையையும் விவசாயக் கூலியையும் வெளியே நிறுத்திவிட்டது. வீட்டுவேலைக்கு அந்தப் பாதுகாப்பு 1974-இல்தான் கிடைத்தது. முதியோரை வீட்டில் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் 2015 வரை காத்திருந்தார்கள்.

கேள்வி: சம ஊதியச் சட்டம் 1963-இலும் வேலையில் இன, பால் பாகுபாட்டைத் தடுக்கும் குடிசார் உரிமைகள் சட்டம் 1964-இலும் வந்துவிட்டனவே?

பதில்: வந்தன, ஆனால் ஒன்று பெண்ணைப் பார்த்தது, மற்றொன்றை நீதிமன்றங்கள் இனம் தனி, பால் தனி என்று பிரித்தே படித்தன. செயின்ட் லூயிஸில் எம்மா டிகிராஃபென்ரீட் உள்ளிட்ட ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மீது தொடுத்த வழக்கைப் பாருங்கள். 1964-க்கு முன் அந்த நிறுவனம் அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதி அவர்களைத்தான் வெளியே தள்ளியது. பெண்கள் வேலையில் இருந்தார்களே என்றது 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அந்தப் பெண்கள் வெள்ளையினத்தவர். இனப் பாகுபாடு என்றால் கறுப்பின ஆண்களின் வழக்கோடு சேருங்கள், இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்க முடியாது என்றும் சொன்னது. இரண்டு அநீதிகளும் ஒரே உடம்பின் மேல் விழும்போது அதற்குத் தனி வடிவம் உண்டு என்பதைச் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989-இல் இந்த வழக்கைக் கொண்டே விளக்கினார். இந்தச் சிக்கலின் மையம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1980-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இனமும் பாலும் சேர்ந்த பாகுபாட்டைத் தனி வழக்காகவே கேட்கலாம் என்று ஏற்றது.

கேள்வி: நேர்காணலில் பழைய சம்பளத்தைக் கேட்பதும் இதில் சேருமா?

பதில்: சேரும். முந்தைய இடத்தில் குறைத்துக் கொடுத்த தொகையின் மேல் 10 விழுக்காடு கூட்டிக் கொடுத்தாலும், பழைய குறை அடுத்த வேலைக்கும் கூடவே வருகிறது. கலிஃபோர்னியா 2018 முதல் அந்தக் கேள்வியைத் தடை செய்திருக்கிறது. அங்கே விண்ணப்பிப்பவர் பழைய சம்பளத்தைச் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பணிக்குரிய சம்பள வரம்பைத் தானே கேட்டுப் பெறலாம்.